தராசுக்குத் தெரியாத எடை

மல்யுத்தக்காரர்கள் களம் இறங்குவதற்கு முன் தராசில் ஏறி இறங்க வேண்டும். ஒத்த எடைக்காரர்கள்தான் மோத வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை ஒப்பந்தம். ஆனால் தராசு ஓர் எண்ணைத்தான் காட்டும். அந்த எடை உடம்பில் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டாது. இருவருக்கும் 125 பவுண்டு, அதாவது 56.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இரண்டு கால்களும் அதில் அடக்கம். மற்றவருக்கு வலது கால் இடுப்பிலிருந்தே கிடையாது. இது சமமான மோதலா? இல்லையென்றால் சாதகம் யாருக்கு?

இது ஏட்டுக் கேள்வி அல்ல. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அந்தோணி ரோப்ளெஸ் 125 பவுண்டுப் பிரிவில் வெல்லத் தொடங்கியபோது முதலில் எழுந்தது வியப்பு. வெற்றிகள் குவியக் குவிய, ‘கால் இல்லாததே அவருக்கு லாபம்’ என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. பரிதாபப்பட வேண்டியவர் என்று நினைத்த ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலை வந்ததே ஒரு வகையில் முன்னேற்றம்தான். அந்த முணுமுணுப்பை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. அதன் பின்னால் ஓர் இயற்பியல் கணக்கு இருக்கிறது. அதை முழுதாகப் போட்டுப் பார்த்தால்தான் அவருடைய ஆட்டத்தில் எது உடம்பு தந்தது, எது அவரே உண்டாக்கியது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. ரோப்ளெஸ் 1988இல் கலிபோர்னியாவில், ஒரு கால் இல்லாமலே பிறந்தவர். சிறு குழந்தையாக இருந்தபோது பொருத்திய செயற்கைக் காலை மூன்று வயதிலேயே கழற்றிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஊன்றுகோல்கள்தான். அரிசோனாவின் மேசா நகரில் பள்ளியில் படிக்கும்போது, 14 வயதில் மல்யுத்தம் தொடங்கினார். முதல் ஆண்டில் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் 96 போட்டிகள், 96 வெற்றிகள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, 2008இல் நிர்வாகம் செலவைக் காரணம் காட்டி மல்யுத்த அணியையே கலைப்பதாக அறிவித்தது. நன்கொடையாளர்கள் பணம் திரட்டித் தந்ததும் அணி பிழைத்தது. 2011 மார்ச் 19 அன்று பிலடெல்பியாவில் நடந்த தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில், முந்தைய ஆண்டின் சாம்பியனான அயோவா பல்கலைக்கழகத்தின் மேட் மெக்டோனாவை 7–1 என்று வென்றார். அந்தப் பருவம் முழுவதும் மோதியது 36, வென்றதும் 36. தொடரின் தலைசிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே.

முதலில் குறை சொல்பவர்களின் கணக்கு. மனித உடலின் நிறையில் ஒரு முழுக்கால் ஏறத்தாழ 16 விழுக்காடு: தொடை 10, கெண்டைக்காலும் பாதமும் சேர்ந்து 6. அப்படியானால் ரோப்ளெஸின் 56.7 கிலோ, ஒரு முழு மனிதனின் 84 விழுக்காடுதான். மீதி 16ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் 67.5 கிலோ வருகிறது, பவுண்டில் 149. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் எடைப் பிரிவுகள் 125, 133, 141, 149 என்று ஏறுகின்றன. ஆக, 125 பவுண்டுக்காரர்களுக்கு எதிரே வந்து நின்றது 149 பவுண்டுக்காரரின் தோள்களும் முதுகும் கைகளும். மூன்று படி மேலே இருக்கிற பிரிவின் மேலுடம்பு. அந்த எடைக்குள் அவ்வளவு அகலமான தோள்களை அடக்கிவர இரண்டு கால் உள்ள யாராலும் முடியாது. இந்தக் கணக்கில் பிழையில்லை.

பிழை, கணக்கை இங்கேயே நிறுத்திவிடுவதில் இருக்கிறது.

நிமிர்ந்து நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் அவன் உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். கால்கள் உடம்பின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அவை ஈர்ப்பு மையத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. ஒரு காலை எடுத்துவிட்டால் மையம் மேலே ஏறிவிடும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர் ஏறும் என்று கணக்கிடலாம். கூடவே அது பக்கவாட்டிலும் நகரும். தாங்கும் தளமோ இரண்டு பாதங்களுக்கும் நடுவிலிருக்கும் அகன்ற பரப்பிலிருந்து ஒரே பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். ஈர்ப்பு மையத்திலிருந்து நேராகக் கீழே விழும் கோடு தாங்குதளத்தைத் தாண்டினால் உடம்பு சாயும் என்பது பள்ளிக்கூடப் பாடம். உயரமான மையம், குறுகிய தளம்: இயற்கை அவருக்குக் கொடுத்தது, நின்றால் யார் தொட்டாலும் விழுகிற உடம்பு.

இழப்பு அதோடு முடிவதில்லை. மல்யுத்தத்தில் கை தள்ளுவதுபோலத் தெரியும்; தள்ளுவது கால்தான். பின்காலால் தரையை உதைக்கும்போது தரை திருப்பித் தருகிற விசையே இடுப்பு, முதுகு, தோள் வழியாக எதிராளியின் மார்பில் போய் முட்டுகிறது. எதிராளி காலைப் பிடிக்கப் பாயும்போது இரண்டு கால்களையும் பின்னால் வீசி, இடுப்பை அவர் முதுகின்மேல் இறக்கி அமுக்குவது அடிப்படைத் தற்காப்பு. அந்த அமுக்கத்தின் கணிசமான பகுதி கால்களின் எடையிலிருந்து வருகிறது. கீழே மாட்டிக்கொண்டவர் எழுந்து நின்று தப்பிக்க வேண்டும். அதற்கும் கால் வேண்டும். எதிராளியைக் காலால் பின்னிப் பூட்டும் பிடிகள் ஒரு பெரிய குடும்பமே உண்டு. அந்தக் குடும்பம் முழுவதும் ரோப்ளெஸுக்கு இல்லை. மேலுடம்பின் உபரியைப் பற்றிப் பேசியவர்கள் இந்தப் பற்றுப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நின்றால் விழும் உடம்பை வைத்துக்கொண்டு அவர் செய்தது நிற்காமல் இருப்பது. நடுவர் ஊதியதும் ஒரு பாதம் அல்லது ஒரு முழங்கால், இரண்டு கைகள் என்று மூன்று புள்ளிகளில் விரிப்பின்மேல் தாழ்ந்துவிடுவார். முதுகு ஏறத்தாழத் தரைக்கு இணையாக இருக்கும். தலை எதிராளியின் முழங்கால் உயரத்தில். மூன்று புள்ளிகள் அமைக்கும் முக்கோணம், நிற்பவரின் இரண்டு பாதங்கள் அமைக்கும் தளத்தைவிடப் பெரியது. ஈர்ப்பு மையமோ முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. உயரம் பாதியானால் உடம்பைச் சாய்க்கத் தேவையான கோணம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முக்காலியைக் கவிழ்க்க முயன்றவர்களுக்குத் தெரியும்.

எதிராளியின் பார்வையில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சிக்கூடத்தில் அவர் ஆண்டுக்கணக்காகப் பழகியது, நிற்கும் ஒருவரின் கழுத்தைப் பிடித்து, தோளைத் தள்ளி, அவர் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்று கையாலேயே கண்டுபிடிப்பது. தொட்டு உணர்வதற்கு நாம் தரும் எதிர்வினை, கண்ணால் பார்த்துத் தருவதைவிட விரைவானது. அனுபவசாலிகள் கழுத்தைப் பற்றியிருக்கும்போது பார்க்கவே தேவையில்லை, கை சொல்லிவிடும். ரோப்ளெஸின் கழுத்தோ எட்டாத ஆழத்தில் இருக்கிறது. குனிந்தால் தன் சமநிலை கெடும். பாய்ந்து காலைப் பிடிக்கலாம் என்றால் பாதி இலக்கு அங்கே இல்லவே இல்லை. இருக்கும் ஒற்றைக் கால் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. தாழ்ந்திருப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: அவர் தள்ளும் விசை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அது எதிராளியைப் பின்னால் தள்ளுவதோடு சற்றுத் தூக்கவும் செய்யும். தரைமேல் அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும், பாதம் வழுக்கும். எல்லா மல்யுத்தக்காரர்களும் ‘தாழ்ந்து நில்’ என்ற பயிற்சியாளரின் கத்தலைக் கேட்டு வளர்வது இதற்காகத்தான். ரோப்ளெஸ் அந்த அறிவுரையை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோனார்.

தற்காப்பு இது. வெற்றியைத் தந்தது கைகள்.

நம் ஊரில் விடாப்பிடிக்காரரை உடும்புப்பிடி என்போம். ரோப்ளெஸின் ஆட்டத்தைப் பார்த்தால், அவர் முதலில் தேடுவது எதிராளியின் மணிக்கட்டு என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். ஏன் மணிக்கட்டு? கை ஒரு நெம்புகோல். அதன் சுழல்புள்ளி தோள்மூட்டு. சராசரி உயரமுள்ள ஒருவருக்குத் தோளிலிருந்து முழங்கை வரை 32 சென்டிமீட்டர், மணிக்கட்டு வரை 56 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். ஒரே விசையோடு முழங்கையை இழுப்பதற்குப் பதில் மணிக்கட்டை இழுத்தால், தோளில் உண்டாகும் திருப்பு விசை முக்கால் பங்கு கூடுகிறது. எதிராளி அதைத் தன் தோள் தசைகளால் எதிர்க்க வேண்டும். மணிக்கட்டு மெலிந்தது வேறு. விரல்கள் அதை முழுவதுமாகச் சுற்றி வளைக்க முடியும். வியர்வை வழிகிற தோலில், சுற்றி வளைத்த பிடிதான் வழுக்காமல் நிற்கும்.

பிடிப்பது ஒரு விஷயம், பிடித்துக்கொண்டே இருப்பது வேறு. இங்கே உடலியங்கியல் சுவாரசியமான ஒரு விதியைச் சொல்கிறது. தசை நீளம் மாறாமல் இறுகியே இருக்கும்போது, உள்ளே ஓடும் இரத்தக்குழாய்களை அது தானே நசுக்குகிறது. ஒருவருடைய உச்ச வலிமையில் பாதிக்குமேல் போட்டு இறுக்கினால் முன்கைத் தசைக்குப் போகும் இரத்தம் பெருமளவு தடைபட்டுவிடும். ஆக்சிஜன் வராது, கழிவுகள் வெளியேறாது. முழு வலிமையோடு இறுக்கினால் சில நொடிகள்தான் தாங்கும். பாதி வலிமை என்றால் ஏறத்தாழ ஒரு நிமிடம். மூன்றில் ஒரு பங்கு என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம். கல்லூரிப் போட்டி மூன்று சுற்றுகள், மொத்தம் ஏழு நிமிடம் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மணிக்கட்டைக் கட்டிப்போட 20 கிலோ அளவு விசை தேவை என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உச்சப் பிடி 40 கிலோ உள்ளவருக்கு அது பாதி. 60 கிலோ உள்ளவருக்கு மூன்றில் ஒன்று. இரண்டாமவரின் பிடி ஒன்றரை மடங்கு வலிமையானது. ஆனால் நீடிக்கும் நேரம் ஒன்றரை மடங்கோடு நிற்பதில்லை, அதைவிட அதிகமாகத் தாவுகிறது. பிடிவலு கூடக்கூடக் களைப்பு ஏன் அவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதற்கு இந்த வளைந்த உறவுதான் காரணம்.

அந்த வலிமை எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, முன்னே போட்ட 149 பவுண்டுக் கணக்கிலிருந்து. இன்னொரு பகுதி ஊன்றுகோல்களிலிருந்து. ஊன்றுகோலில் நடக்கும் ஒவ்வோர் எட்டிலும் உடம்பின் முழு எடையும் ஒரு கணம் உள்ளங்கை, மணிக்கட்டு, தோள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. பள்ளிக்கும் கடைக்கும் மாடிப்படிக்கும் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். எலும்பும் தசைநாணும் தம்மேல் விழும் சுமைக்கேற்பத் தடிப்பவை. டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது பலமுறை அளந்து உறுதிசெய்யப்பட்ட செய்தி. சிறுவயது முழுக்கக் கையால் நடந்தவருக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு கிடைத்திருக்கும்! செயற்கைக் காலைக் கழற்றி எறிந்த மூன்று வயதுப் பிடிவாதத்தின் பலன், 22ஆம் வயதில் எதிராளியின் மணிக்கட்டில் தெரிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி அவருடைய பெயர்பெற்ற உத்தி. அதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் நாம் ஒலிம்பிக்கில் பார்ப்பதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று தெரிய வேண்டும். ஒலிம்பிக்கின் ஃபிரீஸ்டைலில் எதிராளியின் முதுகு ஒரு கணம் தரையை நோக்கித் திரும்பினாலே புள்ளி. கல்லூரி மல்யுத்தத்தில் திருப்பினால் மட்டும் போதாது, பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு தோள் விரிப்பில் பட்டு, முதுகு 45 பாகைக்கோ அதற்கும் கீழாகவோ சாய்ந்த நிலையில் இரண்டு நொடி வைத்திருந்தால் 2 புள்ளி. ஐந்து நொடி என்றால், அன்றைய விதிப்படி, 3. இந்த மல்யுத்தம் பாய்ச்சலைவிடக் கட்டுப்பாட்டுக்கு மதிப்பெண் தருகிறது. உடும்புப்பிடிக்காரருக்கென்றே எழுதிய விதிப்புத்தகம் என்று தோன்றும்.

எதிராளி கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குனிந்திருக்கிறார். ரோப்ளெஸ் அவர் முதுகுப்புறத்தில். ஒரு கையைப் பின்பக்கமாக எதிராளியின் தொடைகளுக்கு நடுவே விட்டு, வயிற்றுக்கடியில் அவருடைய மணிக்கட்டைப் பற்றித் தொடைகளுக்கிடையே இழுத்துவிடுவார். மல்யுத்தக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் சங்கிலியும் குண்டும். பழைய காலக் கைதிகளின் காலில் மாட்டியதை நினைத்து வைத்தது. பிடிபட்டவரின் கையே அவருக்கு விலங்காகிவிடுகிறது. இயற்பியலாகப் பார்த்தால் நடந்தது இன்னும் அழகு. நான்கு புள்ளிகளில் ஊன்றியிருந்த உடம்பிலிருந்து ஒரு புள்ளி பறிபோய்விட்டது. மீதி மூன்று புள்ளிகளின் முக்கோணத்தில், ஈர்ப்பு மையம் நடுவில் இல்லை. பறிபோன கையின் பக்கத்து விளிம்பை ஒட்டி நிற்கிறது. அந்தப் பக்கமாகச் சற்று உருட்டினால் போதும், கோடு தளத்தைத் தாண்டிவிடும். சாயும்போது ஊன்றித் தடுக்க வேண்டிய கை, தன் தொடைகளுக்கிடையே மாட்டிக் கிடக்கிறது. உருளும்போது ரோப்ளெஸின் இடுப்பு எதிராளியின் இடுப்போடு ஒட்டியிருக்கும். நடுவில் சிக்குவதற்கு வலது கால் இல்லை. பிறகு 45 பாகையில் நிறுத்தி, விரல்கள் இறுகியபடி இருக்க, நொடிகள் எண்ணப்படும்.

ஒரு தாங்குபுள்ளி குறைந்த உடம்பு எப்படிச் சாயும் என்பதைப் பிறந்த நாள் முதல் உள்ளிருந்தே அறிந்தவர் அவர். அதே குறையை எதிராளிக்கு உண்டாக்கிவிட்டு, அது எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து காத்திருக்கிறார். மெக்டோனாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ரோப்ளெஸின் ஏழு புள்ளிகளும் முதல் சுற்றிலேயே வந்துவிட்டன. கீழே வீழ்த்தியதற்கு 2. மீதி ஐந்தும் இப்படிச் சாய்த்து வைத்திருந்ததற்கு.

கால் இல்லாததன் லாபம் என்ற வாதத்துக்கு இன்னொரு வடிவமும் உண்டு: அரிதானவர் என்பதால் எதிராளிகள் தடுமாறினார்கள் என்பது. இதுவும் வெற்றுப்பேச்சல்ல. மக்களில் பத்தில் ஒருவர் அளவே இருக்கும் இடக்கைக்காரர்கள், வாள்சண்டை, குத்துச்சண்டை, மேசைப்பந்து, கிரிக்கெட் பந்துவீச்சு போன்ற நேருக்கு நேர் விளையாட்டுகளின் மேல்மட்டத்தில் அந்த விகிதத்தைவிட அதிகமாகவே தென்படுகிறார்கள். எதிராளிகளுக்கு அவர்களோடு ஆடிப் பழக்கம் குறைவு என்பது இதற்கான முதன்மை விளக்கங்களில் ஒன்று. ஒற்றைக்கால் மல்யுத்தக்காரரோடு பழகியவர் இன்னும் அரிது.

ஆனால் இந்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. 2009 தேசியப் போட்டியில் ரோப்ளெஸ் நான்காம் இடம். 2010இல் ஏழாம் இடம். 2011இல் முதல் இடம். மூன்று ஆண்டும் அதே எடைப் பிரிவு, இல்லாத கால் இல்லாமலே இருந்தது, 16 விழுக்காட்டுக் கணக்கும் மாறவில்லை. புதுமையின் லாபம் ஏதாவது இருந்தால் அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருக்க வேண்டும். காணொளிகளைப் போட்டுப் பார்த்துத் தயாராக எதிரணிப் பயிற்சியாளர்களுக்குப் போதிய காலம் இருந்தது. அவர் அறியப்பட அறியப்பட, தோற்பதற்குப் பதில் தோல்வியே இல்லாதவரானார். மாறாத உடம்பு மாறிய முடிவை விளக்காது. மாறியது உத்தி. உடம்பு அவருக்கு வித்தியாசமான கருவிகளைக் கொடுத்தது என்பதோடு அந்த விவாதத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2001இல், கல்லூரிப் போட்டிகளின் மூன்றாம் அடுக்கில், சிம்ப்சன் கல்லூரியின் நிக் ஆக்கர்மேன் 174 பவுண்டுப் பட்டத்தை வென்றார். குழந்தைப் பருவத்தில் மூளை உறை அழற்சி நோய் வந்து இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். அவ்வாண்டின் தலைசிறந்த கல்லூரி மல்யுத்தக்காரருக்கான ஹாட்ஜ் கோப்பையை இருவருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள்: ஒருவர் ஆக்கர்மேன்; மற்றவர் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேல் சாண்டர்சன், கல்லூரி வாழ்க்கையை 159 வெற்றி, சுழியம் தோல்வி என்று முடித்தவர். முழங்காலுக்குக் கீழ் இல்லாதவரும் இடுப்புக்குக் கீழ் ஒரு பக்கம் இல்லாதவரும் ஒரே மாதிரி ஆட முடியாது. ஆக்கர்மேனுக்கு இரண்டு தொடைகளும் முழங்கால்களும் இருந்தன. முழங்காலில் நின்றே பக்கவாட்டில் நகர முடிந்தது. ஒவ்வோர் உடம்பும் தன் கணக்கைத் தானே போட வேண்டியிருக்கிறது.

2024இல் ரோப்ளெஸின் கதை ‘அன்ஸ்டாப்பபிள்’ என்று திரைப்படமானபோது இது வேடிக்கையாகவே நிரூபணமானது. நாயகனாக நடித்த ஜரெல் ஜெரோமின் வலது காலைக் கணினியால் அழித்துவிட முடிந்தது. ஆனால் அந்தக் காலின் எடை நடிகரின் உடம்பில் இருக்கத்தானே செய்யும்? மல்யுத்தக் காட்சிகளுக்கு மாற்று நடிகராக வந்து இறங்கியவர் ரோப்ளெஸேதான்.

இவ்வளவு நேரம் உத்தியைப் பற்றிப் பேசினேன். விளையாட்டுப் பண்பைத் தனியாகப் பேச வேண்டுமா என்று யோசிக்கிறேன். மல்யுத்தத்தில் இரண்டும் ஒரே தசையில் இருக்கின்றன. மணிக்கட்டைப் பற்றியவருக்கு, 56 சென்டிமீட்டர் நெம்புகோலின் முனை கையில் இருக்கிறது என்று சொன்னேன். அந்த முனையை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும். மூட்டை அதன் இயல்பான எல்லைக்கு மேல் திருப்புவதைக் கல்லூரி விதிகள் தடைசெய்கின்றன. எதிராளியைத் தரையிலிருந்து தூக்கியவர், அவரைப் பத்திரமாகத் தரைக்குத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது இன்னொரு விதி; எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போட்டி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் கைகுலுக்க வேண்டும். ஆனால் மீறலைக் கண்டுபிடித்து விசில் ஊதுவதற்குள் எல்லாம் நடந்துவிடும். அந்த ஓரிரு பாகையை நடுவர் அளக்க முடியாது. பிடித்திருப்பவரின் கைதான் அளக்க வேண்டும். உச்ச விசையோடு இறுக்கிக்கொண்டே நுட்பமாக நிறுத்துவது தசைக்கு மிகக் கடினமான வேலை. விசை கூடக்கூட அதன் தடுமாற்றமும் கூடும். உபரி வலிமை உள்ளவர், மூன்றில் ஒரு பங்கு விசையில் வேலை செய்பவர், நிதானமாக இருக்க முடிகிறது.

இந்த நிதானம் தவறிய காட்சியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். டோக்கியோ ஒலிம்பிக்கின் 57 கிலோ அரையிறுதியில், ஏறத்தாழ இதே எடைதான், இந்தியாவின் ரவி குமார் தஹியா எதிராளியின் முதுகைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தபோது, கஜகஸ்தானின் நூரிஸ்லாம் சனாயெவ் அவர் கையைக் கடித்துவிட்டார். தஹியா பிடியை விடவில்லை, வென்றார். பல் பதிந்த கையின் படம் ஊரெங்கும் சுற்றியது. சனாயெவ் பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சு முட்டும்போது பல் முந்திக்கொள்ளும் விளையாட்டு இது. அதில் ஒருவர் கையை அளவோடு வைத்திருப்பது சிறிய காரியமல்ல.

ரோப்ளெஸின் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது, அவருடைய முக்கிய ஆயுதம் வலியை நம்பாதது. சாய்த்து வைப்பதில் புள்ளி தருவது கோணமும் நேரமும்தான். எதிராளி துடித்தாலும் துடிக்காவிட்டாலும் இரண்டு நொடி இரண்டு நொடிதான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பிரிவில் ஆடாமல், எல்லோரும் மோதும் களத்திலேயே மோதினார். அவரோடு மோதியவர்களின் பண்பும் இதில் சேர்த்தி. பரிதாபப்பட்டுப் பிடியைத் தளர்த்துவதைவிட ஒரு மல்யுத்தக்காரருக்கு அவமானம் வேறில்லை. அந்த அவமானத்தை அவர்கள் அவருக்குச் செய்யவில்லை. பிலடெல்பியாவில் இறுதிப் போட்டி முடிந்து நடுவர் ரோப்ளெஸின் கையை உயர்த்தியபோது அரங்கமே எழுந்து நின்றது. அந்தக் கைதட்டல் நடுவே தோற்றவராக நிற்பது எளிதல்ல. எதிராளியின் கதை உலகத்துக்கே பிடித்துப்போயிருக்க, தன் தோல்வி அந்தக் கதையின் கடைசிப் பக்கமாகிவிட்டதை ஒரு முன்னாள் சாம்பியன் அங்கேயே நின்று பார்க்க வேண்டியிருந்தது.

மெக்டோனா அடுத்த ஆண்டு, 2012இல், அதே 125 பவுண்டுப் பட்டத்தை மறுபடி வென்றார். ரோப்ளெஸ் அதற்குள் கல்லூரி ஆட்டத்தை முடித்துக்கொண்டு வெளியேறியிருந்தார். இன்னொரு முறை இருவரும் மோதியிருந்தால், கால்களைப் பார்க்காமல் மெக்டோனாவின் மணிக்கட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்: முதல் சுற்றில் விரிப்பில் குனிந்ததும் அவர் அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று.